எங்கள் வீட்டை நானே ஜப்தி செய்த கதை

மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, பெற்ற தாயின் தையல் மெஷினில் ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். என்னைவிடப் பெரிய முட்டாள் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் அறிமுகப்படுத்துங்கள். சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம். (தலைவர் பதவியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.)

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சமாச்சாரம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். பதவியின் பெயர் நீளமாக இருக்கும். வேலை என்னவோ, வளையம் வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் வட்டமாகத்தான் இருந்தது. அதனால் எனக்குச் சிந்திக்க நிறைய நேரம் கிடைத்தது. வினையே அதுதான்.

கம்பெனிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். ஜப்பான்காரர்கள் எப்படி முன்னேறினார்கள் என்பதைப் படம் போட்டு விளக்கினார். ஒரு மாதமாகத் தொடாத பொருள் பொருளே அல்ல, பாரம். அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு. இன்னும் ஒரு மாதம் பார். அப்போதும் யாரும் தொடவில்லையா, வெளியே தள்ளு. கூட இருந்தவர்கள் ஏசி காற்றில் நன்றாகத் தூங்கினார்கள். நான் மட்டும் இரட்சிக்கப்பட்டேன்.

அஸ்தினாபுரத்தில் எங்களுடையது சின்ன வீடு. அப்பா ரிட்டயரான கணக்கு வாத்தியார். அம்மா, அக்கா ஜெனி, நான். நாலு பேருக்குப் பதினான்கு நாற்காலி. பரணில் பாத்திரம், கட்டிலுக்கடியில் பேப்பர், பீரோ மேல் சூட்கேஸ், சூட்கேஸுக்குள் இன்னொரு சூட்கேஸ். அம்மா நாசரேத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“வேண்டாததை வித்துடலாம்ப்பா. சாப்பாட்டையும் வாரத்துக்கு இன்னது இன்னதுன்னு முன்னாடியே திட்டம் போட்டுட்டா, பாதி செலவு மிச்சம். ஜெனி கல்யாணத்துக்கு ஆச்சு.”

கடைசி வாக்கியம்தான் அப்பாவைச் சாய்த்தது. ஜெனிக்கு முன்பே இரண்டு வரன்கள் கூடி வந்து கலைந்திருந்தன. இப்போது மூன்றாவதாக அனகாபுத்தூர் டேனியல். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலைந்து சபைகள் சேர்ந்து பாடிய கூட்டுப் பாடகர் குழுவில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசை. ஜெனி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அனகாபுத்தூர் என்று பஸ்ஸில் எழுதியிருந்தால்கூட அவள் முகம் மாறும். போதகர் மூலமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்பவர் ஒருவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்தார். சோபாவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், வூடு காலி பண்ணிகினு போறீங்களா?”

“இல்லையே.”

“அப்பால ஏன் சார் குடுக்குற? நல்லாத்தான கீது.”

“யாரும் உக்கார்றது இல்ல. பாரம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நான் மனம் மாறுவதற்குள் சோபாவை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கும் ஜப்பான் விதியை நான் சோபா விஷயத்தில் தளர்த்திக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர் தவிர மிச்சம் எல்லாம் போயிற்று. சுவரில் இருந்த குடும்பப் படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தேன். படம் இருந்த இடமெல்லாம் வெளுத்த கட்டங்களாகத் தெரிந்தன. உடனே விற்க மனம் வராத பீரோ, கிரைண்டர், தையல் மெஷின், டிவி ஆகியவற்றுக்குக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கர். ‘நிறுத்தி வைக்கப்பட்டது. அனுமதியின்றி அகற்றக் கூடாது.’ கீழே தேதி, கையொப்பம். கையொப்பம் என்னுடையது. புரியாதபடி போடுவது அதிகாரிகளுக்கு அழகு என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

அம்மா ஊரிலிருந்து வந்து, பையும் கையுமாக ஹாலின் நடுவில் நின்றார்.

“இதை எங்கடா வைக்கிறது?” என்று கேட்டார். வைக்க ஒன்றும் இல்லை. கடைசியில் தரையில் வைத்தார். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டுத் திட்டத்தைப் பெரிய தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தலைப்பு: ‘செலவுக் குறைப்பு நடவடிக்கை.’ திங்கள் ரசம், அப்பளம் ஆளுக்கு ஒன்று. ஞாயிறு கறி, ஆளுக்கு மூன்று துண்டு. சனிக்கிழமை இரவு கஞ்சி, துவையல். மளிகையும் அந்தத் திட்டத்துக்கு அளந்து வாங்கியதுதான். சனிக்கிழமை வந்தால் சர்க்கரை டப்பாவைத் தட்டினால் நல்ல ஓசை வரும்.

அந்த ஓசை வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. டேனியலின் அப்பா ஞானமுத்து ஐயா. குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்களாம். “ஃபார்மலா ஒண்ணும் வேண்டாங்க. போற வழியில பிள்ளையை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறோம். நாலு பேருதான்.”

ஜெனி கூடத்தைப் பார்த்தாள், வெளுத்த கட்டங்களைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். “எட்வின், இது மட்டும் கெட்டுச்சு, உன் முதுகுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வாசல்ல உக்கார வெச்சுடுவேன்.”

“மினிமலா இருக்கு, நீட்டா இருக்குன்னுதான் நினைப்பாங்க.”

“வாயை மூடிட்டுப் போய் சர்க்கரை வாங்கிட்டு வா.”

கடை தூரம். பக்கத்து வீட்டு விமலா அக்காவிடம் டம்ளரை நீட்டினேன். அந்த அக்காவுக்கு இயல்பான குரலே ஒலிபெருக்கிதான். “இன்னாப்பா இது, சக்கரைகூட இல்லியா வூட்ல? சோபாவெல்லாம் வேற ஏத்தி அனுப்புனீங்க. எதுனா கஷ்டம்னா சொல்லுப்பா, கூச்சப்படாத.” நான் டம்ளரோடு திரும்பினேன். எங்கள் கேட்டுக்கு முன்னால் ஆட்டோவிலிருந்து நாலு பேர் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். ஞானமுத்து ஐயா என் கையில் இருந்த சர்க்கரைக்கும் சேர்த்து “ஸ்தோத்திரம் தம்பி” என்றார்.

நாலு நாற்காலியிலும் அவர்கள் உட்கார்ந்தார்கள். ஐயா, அவர் மனைவி, டேனியல், டேனியலின் அத்தை. நாங்கள் நால்வரும் சுவரோரமாக, ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூட்டி வந்தவர்கள் மாதிரி நின்றோம். டேனியலின் அம்மா சுற்றிலும் பார்த்தார். அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருப்பவர்கள் அவர்கள். காலியான வீடு என்றால் அவர்களுக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

“மழைக்கு உள்ள தண்ணி வந்துதாங்க?”

“இல்லீங்களே, இது மேட்டுப்பகுதி” என்றார் அம்மா. அதோடு அந்தக் கௌரவமான காரணமும் போயிற்று.

அத்தை, “ஒத்தாசை பண்றேன்” என்று சமையலறைக்குப் போனார். பெண் பார்க்க வருகிறவர்கள் சமையலறையை ஒரு நோட்டம் விடுவது உலக வழக்கம். ஃபிரிட்ஜுக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து அண்ணன் காதில் ஏதோ சொன்னார். “கஞ்சி” என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

ஐயா எழுந்து பீரோவருகே போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரை முழுவதும் வாசித்தார். டிவியில் ஒன்று, தையல் மெஷினில் ஒன்று. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“இது யாரு தம்பி ஒட்டினது?”

நல்ல கேள்வி கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை. “கம்பெனி ஸ்டிக்கருங்க ஐயா. ஒரு மாசம் டைம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணலைன்னா தூக்கிட வேண்டியதுதான்.”

“சோபா எல்லாம்?”

“அது போன வாரமே எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“ஒரு மாசம் குடுக்கறாங்களா. பரவாயில்லையே” என்றார் மிகுந்த வருத்தத்தோடு. ஜப்பான் முறையில் இவருக்கு இவ்வளவு ஈடுபாடா என்று நான் நினைத்துக்கொண்டேன். (என் மூளையை அன்றைக்கு யாராவது பரிசோதித்திருந்தால் முதல் ஸ்டிக்கர் அதற்குத்தான்.)

காபி குடித்தார்கள். டேனியலும் ஜெனியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்குக் கடுமையாக உழைத்தார்கள். பிறகு ஐயா எழுந்தார். “ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பறோம்.”

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிற பெரியவர் ஜெபித்துவிட்டுத்தான் போவார். ஜெபம் தொடங்கிவிட்டால் கண்ணை மூடித் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். நடுவில் யாரும் பேச முடியாது. வீடு பற்றி எரிந்தால்கூட ஆமென் வரைக்கும் பொறுத்துத்தான் தண்ணீர் ஊற்றுவோம்.

“அன்பின் பரலோகப் பிதாவே,” என்று தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார். “சோதனையின் வழியாகக் கடந்துபோகிற இந்தக் குடும்பத்தை உம்முடைய கரத்தில் தருகிறோம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை ஜெனிக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

“கடன் பாரத்தினால் ஒடுங்கிப்போயிருக்கிற இந்த வாத்தியார் ஐயாவைத் தேற்றும். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாய்ப் போகும்போது இந்தத் தாயாரின் மனம் சோர்ந்துபோகாதபடிக்குக் காத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் ஒட்டின அந்த அதிகாரியின் இருதயத்தை இளகப் பண்ணும். இவர்கள் குடிக்கிற கஞ்சியை ஆசீர்வதியும்.”

ஒரு கண்ணைத் திறந்தேன். அப்பாவும் ஒரு கண்ணைத் திறந்திருந்தார். எங்கள் இரண்டு ஒற்றைக் கண்களும் சந்தித்தன. அப்பாவின் முப்பத்தைந்து வருட வாத்தியார் வாழ்க்கையில் எந்தப் பையனையும் அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பக்கத்தில் ஜெனியின் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று அந்த ஒற்றைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆமென்” என்றார் ஐயா. பழக்கதோஷம், நாங்களும் கணீரென்று “ஆமென்” என்றோம். அதாவது, கடன் இருப்பதாகக் குடும்பத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அவர்கள் ஆட்டோவில் ஏறும்வரை கைகூப்பிக்கொண்டே நின்றோம்.

அப்பா போனை எடுக்கப் போனார். “யாருக்கு?” என்றார் அம்மா.

“உண்மையைச் சொல்ல வேண்டாமா?”

“என்னன்னு சொல்லுவீங்க? நீங்க பண்ணின ஜெபம் தப்புன்னா? போனை வைங்க.”

அடுத்த வாரம் அனகாபுத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஜெனி என்னைத் தவிர எல்லாவற்றோடும் பேசினாள். பூனையோடுகூடப் பேசினாள். சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு, “நல்லா பாடுவாரு” என்றாள். அதை இறந்த காலத்தில் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஆம், கஞ்சிதான். அம்மா என் திட்டத்தை எனக்கு மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் அமல்படுத்திக்கொண்டிருந்தார். மற்ற மூவருக்கும் வஞ்சிரம் வறுவல்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அப்பா என்னைப் பல்லாவரம் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். சாமான்களைத் திரும்ப வாங்கி, வீட்டைப் பழையபடி நிரப்பி, அவர்களை இன்னொரு முறை அழைப்பது அவர் திட்டம். எங்கள் சோபா வெயிலில் கிடந்தது. வியாபாரி சிரித்தார். “தெரியும் சார். உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும், வருவேன்னு.” கேட்ட விலைக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“ஐயா.”

ஞானமுத்து ஐயா, கையில் ஒரு பழைய டேபிள் ஃபேனோடு நின்றார். சோபாவைப் பார்த்தார், வியாபாரியைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்திருந்த அப்பாவைப் பார்த்தார். ஃபேனைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே எதையும் விக்காதீங்க ஐயா.”

“ஐயோ, நாங்க வாங்க வந்தோங்க.”

“தெரியும், தெரியும். எங்க வீட்லயும் இந்த நிலைமை இருந்திருக்கு. எங்ககிட்ட என்ன மறைக்கிறது? எங்களுக்கு நகை வேண்டாம், சீர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்க பொண்ணு போதும். டேனியல் அன்னைக்கு ஆட்டோலயே சொல்லிட்டான்.”

எங்களுடைய சோபாவில், இன்னொருத்தருடைய கடையில் உட்கார்ந்து, என் அக்காவின் கல்யாணம் நிச்சயமாயிற்று. வியாபாரி இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சோபா விலையை மட்டும் குறைக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகு அப்பாவின் மானப் பிரச்சினை சும்மா விடுமா? நாங்கள் ஏழைகள் அல்ல என்று நிரூபிக்க, தாம்பரத்தில் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய மண்டபம் பிடித்தார். இரண்டு வகைப் பிரியாணி போட்டார். நான் அப்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஐஸ்கிரீமிலேயே கரைந்துபோயிற்று. பந்தியில் எனக்குப் பின்னால் டேனியலின் அத்தை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: “பாவம், இதுக்கும் கடன்தான் வாங்கியிருப்பாங்க.”

ஜெனிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளைகள் பிறந்ததற்குக் காரணமே என் ஸ்டிக்கர்தான் என்பேன். யாரும் என்னைக் கேட்பதில்லை. குடும்பத்தில் யார் எதைத் தூக்கிப்போட நினைத்தாலும், “எட்வின் மாமாகிட்ட ஸ்டிக்கர் இருக்கு” என்று சின்னது முதல் பெரியது வரை சிரிக்கும். ஞானமுத்து மாமா மட்டும் சிரிக்க மாட்டார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன் ஜெபிக்கும்போது, எல்லார் பெயரையும் சொல்லி முடித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, எட்வினுடைய கடன்களை நினைத்தருளும் என்பார். (அப்பாவின் கடன் என் தலைக்கு வந்துவிட்டதாக அவர் கணக்கு.) எல்லாரும் ஆமென் என்பார்கள். என் மனைவிகூட.

போன கிறிஸ்துமஸுக்கு என்னால் தாங்க முடியவில்லை. பிரியாணி தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு.

“மாமா, சத்தியமா சொல்றேன். எனக்கு எந்தக் கடனும் இல்ல.”

அவர் கண் கலங்கியது. என் தலையில் கை வைத்தார்.

“கர்த்தர் ஜெபத்தைக் கேட்டுட்டாரு.”