நாலு கிலோமீட்டர் தாண்டிய மணி

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரைக்கும் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் கட்டடத்துக்குள்ளேயே விரித்த குடைக்கடியில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் குடை சார்தான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது காட்டட்டும், நான் திருக்கழுக்குன்றம் மலைப்படியை முட்டி போட்டே ஏறுகிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். அவர் அறையில் ஏசி ஒழுகும், அதுவும் சரியாக அவர் தலை மேல். நாற்காலி முதுகில் குடைக்கம்பைக் கட்டிவைத்து, அடியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். தயிர்சாதமும் அங்கேயேதான்.

"நாற்காலிய நகர்த்திப் போட்டுக்கலாமே சார்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இன்னா நைனா, நாற்காலிய நவுத்துனா ஒயரு எட்டாது. ஒயர நீட்டுனா பொட்டி கோவிச்சிக்கும். குடை ஒண்ணும் சொல்லாது."

நான் அந்தத் தனியார் கல்லூரியில் அட்டெண்டர். பத்தாவதோடு என் படிப்பு சரி. செல்போனில் பச்சை வெளிச்சம் வந்துகொண்டிருந்த காலம் அது. கல்லூரிக்கு இரண்டு கட்டடம். பெரியது மகாபலிபுரம் போகிற ரோட்டில். அங்கே கேன்டீன், கார் ஷெட், குடை சாரின் அறை எல்லாம் உண்டு. சின்னது நாலு கிலோமீட்டர் தள்ளி, திருக்கழுக்குன்றத்தை ஒட்டி. அங்கே ஒரு வேப்பமரம், ஒரு பிள்ளையார், நான்.

பெரிய கட்டடத்தில் கம்ப்யூட்டரே மணி அடிக்கும். சின்னக் கட்டடத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் நான் அடிப்பேன். ஒருநாள் பிள்ளையாருக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டு மெய்ம்மறந்து நின்றுவிட்டேன். கணக்கு வகுப்பு இருபது நிமிடம் கூடுதலாக ஓடிவிட்டது. பிள்ளைகள் என்னை அடிக்காத குறை. கணக்கு வாத்தியார் மட்டும் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அன்றே என் கைக்கடிகாரத்தை இரண்டு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன்.

பிரின்சிபால் அம்மாவுக்கு அது போதவில்லை. என்னையும் குடை சாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"பல்கலைக்கழகப் பரீட்சை வருது. ரெண்டு கட்டடத்துலயும் ஒரே நொடியில பெல் அடிக்கணும், கம்ப்யூட்டர்லேர்ந்து. முடியலன்னா சொல்லுங்க, மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி ஆளுங்க வரத் தயாரா இருக்காங்க. நீங்க குடைய மடிச்சுட்டுக் கிளம்பலாம்."

குடை சாருக்கு அப்போது வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. வெளியே வந்ததும் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் விபூதி பூசிவிட்டேன். அந்த நிலைமையிலும் எனக்குப் பாடம் எடுத்தார்.

"அந்த பெல்லு புரோகிராமுக்கு ஒரே வேலதான் தெரியும் நைனா. கத்தறது. தெருவுல நின்னுகினு 'எல்லாரும் கேட்டுக்கோங்க'ன்னு கத்தும். இதுதான் பிராட்காஸ்ட்டு. ஆனா ரவுட்டருன்னு ஒருத்தன் கேட்டாண்ட குந்திகினு கீறான். எந்தக் கத்தலையும் வெளிய வுடமாட்டான்."

"வாட்ச்மேன் மாதிரி. சரி. அப்ப நம்ம கட்டடத்துக்கு எப்படி வரும்?"

"நடுவுல போற லைனு மல்டிகாஸ்ட்டு. அது கத்தாது. பேரு குடுத்தவன் வூட்டுக்கு மட்டும் லெட்டர் போடும். அதனால பெரிய கட்டடத்துல கீற ரவுட்டர, கத்தலக் கேட்டு லெட்டரா எழுதுடான்னு சொல்லப்போறேன். சின்னதுல கீறவன, லெட்டரப் பிரிச்சி மறுபடி கத்துடான்னு சொல்லப்போறேன். மேட்டர் ஓவர்."

"அங்க ஒருத்தர் உபன்யாசத்தக் கேட்டு எழுதி அனுப்பறாரு. இங்க ஒருத்தர் அத மைக்ல படிக்கறாரு."

"அதேதான்! நீ எங்கயோ இருக்கவேண்டிய ஆளு நைனா."

"ஸ்டூல்லதான் சார் இருக்கேன், பதினாறு வருஷமா."

எங்கள் கட்டடத்து ரவுட்டர், உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ரவுட்டர் கத்தினால் அது கேட்டு, வராந்தா மணியை அடிக்கும். நான் பொட்டிக்கும் விபூதி வைக்கப் போனேன். "ஓட்டையில வுட்டுடாத நைனா, மேலாப்புல வையி" என்றார்.

பரீட்சைக்கு முதல் நாள் காலை வெள்ளோட்டம். அவர் அந்தக் கட்டடத்தில், நான் இங்கே. பத்து மணிக்கு வராந்தா மணி தானாக அடித்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி அடித்தது. மறுபடியும் போட்டுக்கொண்டேன். பிறகு அது நிற்கவேயில்லை.

வகுப்பு முடிந்தது என்று கொஞ்சம் பேர் எழுந்தார்கள். கல்லூரியே முடிந்தது என்று மற்றவர்கள் பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார்கள். லேபிலிருந்து தீ, தீ என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். எந்தத் தீ என்று அவர்களுக்கும் தெரியவில்லை. போனில் குடை சார் அலறினார்.

"ஒயரப் புடுங்கு நைனா!"

"எந்த ஒயரு சார்?"

"இன்னா?"

"எந்த ஒயருன்னு கேட்டேன்!"

"பெல்லுல ஒண்ணும் கேக்கல! புடுங்கு!"

ஃபேன் ஒயரைப் பிடுங்கினேன். லைட்டைப் பிடுங்கினேன். பிள்ளையாரின் சீரியல் பல்பையும் பிடுங்கினேன், அப்பன் மன்னிக்கட்டும். கடைசியில் மெயின் சுவிட்சை இறக்கினேன். அங்கே பெரிய கட்டடத்திலும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸில் கேட்டேன். "ஏன் சார் அப்படி ஆச்சு?"

குடைப்பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அங்கேர்ந்து மட்டுந்தான் நமக்கு அடிக்கணுமா நைனா? நாமளும் அவுங்களுக்கு அடிக்கவேணாமா? அதான் ரெண்டு பக்கமும் போட்டு வுட்டேன். அவன் லெட்டர இவன் கத்தறான், கத்துனதையே மறுபடி லெட்டராக்கி அவனுக்கே அனுப்பறான். ரெண்டு பேரும் நிறுத்தல."

அவர் உட்காருவது பெரிய கட்டடத்தில். 'நாம' என்று சொன்னது எங்கள் வேப்பமரத்துக் கட்டடத்தை. அதை நான் கவனித்தேன்.

"அம்மா என்ன சொன்னாங்க சார்?"

"நாளைக்கு ஒரு தபா மட்டும் அடிக்கணுமாம். இல்லாங்காட்டி நாளன்னிக்கு நான் வரவேணாமாம்."

பரீட்சை நாளன்று கார்த்திகை மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. முதல் பஸ்ஸிலேயே குடை சார் எங்கள் கட்டடத்தில் வந்து இறங்கினார். இங்கிருந்து அங்கே லெட்டர் போகும் வழியை முதல் நாளே அடைத்துவிட்டாராம். ஸ்டோர் ரூமைத் திறந்தால் கூரையிலிருந்து நேராக ரவுட்டர் மேல் சொட்டுகிறது. ஒயர் எட்டாததால் பொட்டியை நகர்த்த முடியாது. பெஞ்சு மேல் ஏறி, பொட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் முதுகில் மழை கோடாக இறங்கியது.

"நான் புடிக்கிறேன் சார், எறங்குங்க."

"நீ தண்டவாளத்தாண்ட நில்லு நைனா. பெல்லு அடிக்கலன்னா நீ அடிச்சுடு. புள்ளைங்க பரீச்ச கெடக்கூடாது."

நான் அடித்தால் அவர் வேலை போய்விடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சுத்தியலை ஓங்கியபடி நின்றேன். என் கடிகாரத்தில் பத்து. மணி அடிக்கவில்லை. பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். பத்து ஒன்று. இருபத்தொன்றாக்கினேன். பத்து இரண்டு. ஐம்பத்தொன்று என்று வாயெடுத்தேன்.

மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

மறுபடி அடிக்கிறதா என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். மழைச் சத்தம் மட்டும்தான்.

"நின்னுச்சா நைனா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நின்னுடுச்சு சார்!"

என் கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னால் ஓடுவது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மூன்று மணி நேரம் அவர் குடையை இறக்கவேயில்லை. ஒரு மணிக்கு முடிவு மணியும் ஒற்றையாகவே அடித்தது. பிரின்சிபால் அம்மா போனில் "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குடை சாரின் வேலை தப்பியது. குடையைத் தூக்கிய அவர் கைதான் இறங்க மறுத்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க அதுவும் வசதியாகப் போயிற்று.

மறு வாரத்திலிருந்து எனக்கு அடிப்பதற்கு ஒன்றுமில்லை. சுத்தியலைத் துடைத்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். குடை சார் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் வந்து, பழைய கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானுக்குக் குங்குமம் வைத்தார்.

"சாயங்காலம் கேட்ட பூட்டுனதும் இத அமுக்கு நைனா. அங்க ஒரு மணி அடிக்கும்."

"ஐயோ சார், மறுபடியும் ரெண்டு பக்கமா?"

"பயப்படாத. இந்த லெட்டருக்குப் பேரு குடுத்தவன் நான் ஒருத்தந்தான். என் ரூம்ல மட்டும் அடிக்கும். நீ கெளம்பிட்டன்னு தெரிஞ்சிக்குவேன், பஸ்ல உனுக்கு சீட்டு போட்டு வைப்பேன்."

ஐந்து வருடம் அப்படித்தான் நடந்தது. நான் அமுக்குவேன், பஸ் வரும், ஜன்னலோரத்தில் எனக்காகக் குடை ஒன்று உட்கார்ந்திருக்கும்.

பிறகு அவர் பெங்களூருக்குப் போனார். அங்கே ஏசி ஒழுகாது என்று கேள்வி. நான் ஓய்வு பெறும்வரை தினமும் கேட்டைப் பூட்டியதும் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த லெட்டருக்குப் பேர் கொடுத்தவர் யாருமே இல்லை, அங்கே எதுவும் அடித்திருக்காது என்று தெரியும். பிள்ளையாரையும் அப்படித்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதில் வந்துதான் கூப்பிட்டேனா என்ன?