வேம்பி வீட்டுக்கும் ஒரு கூறு

மேட்டுக்கரைப்பட்டி,
வாடிப்பட்டி வழி.

அன்பு மகள் நாகஜோதிக்கு, உன் பெரியப்பா மொக்கையன் வாயால் சொல்ல, மிஷன் பள்ளிக்கூடத்து ரிட்டயர்டு வாத்தியார் கிளமெண்ட் கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் பெரியம்மா ரெங்கம்மாளும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். திருமங்கலத்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க நம் அய்யனார் துணை. இந்த விசாரிப்பெல்லாம் வாத்தியார் போட்டது. எனக்கு இருக்கிற படபடப்பில் எடுத்த எடுப்பில் "என்னத்தா இப்படிப் பண்ணிட்டே" என்றுதான் ஆரம்பிக்கச் சொன்னேன். அது முறையில்லையாம்.

விஷயம் என்னவென்றால், உன் புத்தகத்தால் என் வேலை போகப்போகிறது. மாசி சிவராத்திரிக்கு மறுநாள் உச்சிப்பொழுதில் கிடா வெட்டி, கறியைக் கூறு போட்டு, நம் பங்காளி வீடு நாற்பத்திரண்டையும் வரிசையாகக் கூப்பிடுவது நான்தானே. நோட்டு கிடையாது, எனக்கு எழுத்தும் கிடையாது; நாற்பத்தொன்பது வருசமாக எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆம்பளை "இருக்கோம்" என்று குரல் கொடுத்தால் அவனுக்கு ஒரு கூறு. சாமி முன்னால் கூப்பிட்ட பேரைத் திருப்பி எடுக்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும். எங்கள் அய்யா காலத்தில் வேடிக்கை பார்க்க வந்த வளையல்காரனை வாய் தவறிக் கூப்பிட்டு, அவனும் மரியாதைக்கு "இருக்கேன் சாமி" என்று சொல்லப்போக, அவன் பேரன்மார் இன்றைக்கும் மதுரை சிம்மக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து கறி வாங்கிப் போகிறார்கள். அதுவும் நெஞ்செலும்பு கேட்கிறார்கள்.

இப்போது உன் புத்தகத்துக்கு வாரேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தம்பி மகள் எழுதியது என்னதான் என்று தெரிய வேண்டாமா? வாத்தியாரைக் கெஞ்சி மத்தியான வேளையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான்கு தடவை. சூனியக்காரி, பேசுகிற கண்மாய், றெக்கை முளைத்த எருமை எல்லாம் சரிதான், கதை என்றால் அப்படித்தான். ஆனால் அந்த மலைக்கோட்டை வாசலில் ஒரு கிழட்டுக் காவல்காரனை நிறுத்தி, அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஆளுக்கு உடம்பு வரும், கூப்பிடாதவர்கள் காலத்துக்கும் மூடுபனியாக அலைவார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் காவல்காரனுக்கு இடது காது மந்தம் என்று ஏன் எழுதினாய்? எனக்கும் இடது காதுதான். ஊரில் எல்லோரும் என் காதையே பார்க்கிறார்கள்.

அது போகட்டும். அவன் கடைசியில் மனம் மாறி, பனிக்குள் நிற்கிற பெண்களைக் கூப்பிடுகிறானே, வேம்பி வீடு, இருளாச்சி வீடு, கொன்றை வீடு, மின்னி வீடு, எழுவணி வீடு என்று, அது அப்படியே என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்டது மறக்கும். எனக்கு மறக்கிற வசதி இல்லை. எழுதி வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் அந்த வசதியெல்லாம்.

இந்த வருசமும் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பதினேழாவது, காளை வீடு. அவன் "இருக்கோம்" என்றான். அடுத்து பதினெட்டு. அது உன் அப்பன் பேயாண்டி வீடு. அவன் செத்து, ஆம்பளைப் பிள்ளை இல்லையென்று பதினொரு வருசமாக அந்த வீட்டைக் கூப்பிடாமல்தான் தாண்டிப் போகிறேன். முறை அதுதான், நான் வைத்த முறை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருசமும் அந்த இடத்தில், படி இருக்கிறதென்று கால் வைத்து வெறும் பள்ளத்தில் இறங்கினவன் மாதிரி ஒரு தடுமாற்றம் வரும். இந்தத் தடவை தடுமாறினதில் வாய், "வேம்பி வீடு!" என்று கூப்பிட்டுவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். பொம்பளைகள் பக்கத்திலிருந்து "இருக்கோம்!" என்று ஒரு குரல். யாரென்று பார்த்தால் உன் பெரியம்மா! அடுப்படியில் இருந்துகொண்டே நான்கு தடவையும் கதை கேட்டவள் அல்லவா. நான் வேகமாக அடுத்த வீட்டுக்குத் தாவப் பார்த்தால், நாக்கு கேட்கவில்லை, உன் வரிசையிலேயே போகிறது. இருளாச்சி வீடு! "இருக்கோம்!" கொன்றை வீடு! "இருக்கோம்!" ஐந்துக்கும் ஐந்து பேர் பதில். அவர்களுக்கெல்லாம் இவள் எப்போது கதை சொன்னாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் இதுதான் நடக்கிறது போல.

பெரிய வீட்டு சிவபாண்டி துண்டை உதறிக்கொண்டு வந்தான். "அண்ணே, யாருண்ணே இந்த வேம்பி? எந்த வகையறா?"

நான் என்ன சொல்ல? "கதையில வர்ற பிள்ளைப்பா" என்றேன்.

"கதையில வர்றவளுக்குக் கறியும் கதையிலயே போட வேண்டியதுதான? வளையல்காரன் வீட்டையும் சேத்து இங்க நாப்பத்திரண்டு கூறுதான் கிடக்கு!"

"கூப்பிட்டாச்சுல்ல? குடுங்க" என்று உன் பெரியம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறாள். கடைசியில் எல்லாக் கூறிலும் கை வைத்துக் கிள்ளி ஐந்து கூறு சேர்த்தார்கள். வளையல்காரன் பேரன் நெஞ்செலும்பு குறைகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். நேற்று வந்த பயல்!

சிவபாண்டி அத்தோடு விடவில்லை. டீக்கடையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து, நீ எங்கேயோ மேடையில் பேசினதைப் போட்டுக் காட்டுகிறான். "என் பேரைக் கூப்பிடாத ஊர் எனக்கு எப்படி ஊராகும்? அதனால்தான் இல்லாத ஊரைக் கட்டுகிறேன். அதைப் பார்த்துப் பார்த்து, இருக்கிற ஊர் ஒருநாள் மாறும்" என்று சொல்கிறாய். கைதட்டு விழுகிறது. இங்கே யாரும் தட்டவில்லை. "பாத்தீங்களா, பெரியப்பனும் மகளும் பேசி வச்சுத்தான் செஞ்சிருக்காக" என்கிறான். ஏத்தா, உலகத்தை மாற்றுகிறவள் டெல்லி, அமெரிக்கா என்று எங்காவது தூரத்தில் ஆரம்பித்திருக்கக் கூடாதா? என் வாயில்தானா ஆரம்பிக்க வேண்டும்? ஊரே இல்லை என்கிறாயே, அம்மை போட்டிருந்தபோது உன்னை வாடிப்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிப் போனது யார்? ஆனால் உன் பேரைக் கூப்பிட்டேனா என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதே.

வருகிற வெள்ளிக்கிழமை பங்காளிக் கூட்டம். வேம்பியும் மற்ற நான்கு பேரும் யார் என்று நான் ஆளைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாசியிலிருந்து சிவபாண்டி செல்போனைப் பார்த்து வாசிப்பானாம். நாற்பத்தொன்பது வருசம், தாயி. இது இல்லையென்றால் ஊருக்குள் நான் யார்? எருமை மேய்க்கிறவன், அவ்வளவுதான்.

அதனால் இரண்டு காரியம் செய். அந்த ஐந்து பேரும் பொய், நீயே கட்டிவிட்டது என்று உன் கைப்பட ஒரு காகிதம் எழுதி அனுப்பு. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடு. பனியில் நிற்கிறவர்கள் இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும். மூன்றாவதாக, சூடு ஆறும்வரை இந்தப் பக்கம் வந்துவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் கும்பிடு. உன் கைக்கு நோவு வராமல், தீர்க்காயுசாக இருக்க அய்யனாரும், வாத்தியார் சார்பில் மாதாவும் காவல்.

இப்படிக்கு,
பெரியப்பா மொக்கையன் (கைநாட்டு)

பின்குறிப்பு: வாத்தியார் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமையும் முடிந்துவிட்டது. மேலே சொன்ன எதையும் செய்யாதே. கூட்டத்தில் சிவபாண்டி, "வேம்பி யாரு, காட்டுங்க" என்றான். உன் பெரியம்மா எழுந்து, "நான்தான்" என்றாள். "இருளாச்சி?" என்றான். எழுந்தது அவனுடைய சொந்தத் தங்கச்சி கனகா, புருசன் செத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். "ஏழு வருசமா நீ திங்கிற கூறுலதான அண்ணே எனக்கும் போடுற? இனிமே எனக்குத் தனியா வேணும்" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். மற்ற மூவரையும் அவன் கேட்கவே இல்லை. அவர்களாகவே எழுந்து நின்றார்கள். ஆகையால் புத்தகத்தில் ஒரு எழுத்தை எடுக்காதே. எடுத்தால் சாமி முன்னால் நான் கூப்பிட்டது பொய்யாகிவிடும். இரண்டாம் பாகத்தில் பெரும்படை வருகிறதென்று வாத்தியார் சொல்கிறார். கிடா ஒன்றுதான், பார்த்து எழுது. அடுத்த மாசியில் பதினெட்டாவதாக உன்னைக் கூப்பிடப் போகிறேன். நேரத்தோடு வந்து, என் வலது காதுப் பக்கமாக நின்று, கணீரென்று சொல். அந்த இடத்தில் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.