மொக்கச்சாமி கணக்கெழுத ஆள் தேர்ந்த படலம்

வாழ்க மொக்கச்சாமி! மேற்கு மலைமுகடுகள் குடைபிடிக்க, கொட்டகுடி ஆறு அடிவருட, ஏலநறுமணம் எந்நேரமும் கமழும் போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஒற்றைக் கதவுக் கடையொன்றைப் பேரரசெனப் பரிபாலித்தவனும், ஏலக்காயை உள்ளங்கையில் இட்டு ஒருமுறை உருட்டிய மாத்திரத்தில் அது எம்மலைத் தோட்டத்தது எனப் பகரவல்லவனும், 'வரவு' என்று எவரேனும் முணுமுணுத்தால் மூன்று கடை தாண்டியும் கேட்கும் செவியும் 'உதவி' என்று உரக்கக் கூவினும் கேளாத அதே செவியும் ஒருங்கே படைத்தவனும் ஆகிய அம்மாவீரனின் புகழைப் பாடப் புகுகின்றோம். சொல்லின் தெய்வமே, எம் நாவில் வந்து அமர்க, ஜி.எஸ்.டி. என்னும் மூவெழுத்து மந்திரத்தை நாக்குழறாது ஓத அருள்க.

போர் மூண்ட காரணம் இதுவாகும். நெடுங்காலமாக அக்கடையின் கணக்கைக் காத்துவந்த சின்னச்சாமி என்னும் முதுபெருங்கணக்கர், மகன் வீட்டோடு தங்கிவிடத் திருப்பூர் ஏகினார். அரியணை வெறுமையுற்றது. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாளோ, மலையிறங்கும் காட்டாறுபோல் இரைந்து நெருங்கிற்று. காலியான அந்த நாற்காலிக்கு இருவர் உரியவர் ஆயினர். ஒருவர் உள்ளூர்ப் பேச்சிமுத்து. கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வுற்றவர். மற்றவள் கோயம்புத்தூரில் தன் வீட்டு மேசையில் அமர்ந்தபடியே பல ஊர்க் கடைகளுக்குக் கணினிவழி கணக்கு முடித்துத்தரும் முத்துப்பிரியா.

எளிய மாந்தர் இத்தகைய வினாவை ஒரு வாய்க் காப்பிக்குள் தீர்த்துவிடுவர். மொக்கச்சாமிக்கு அது இயலாதவாறு ஓர் இடர் இருந்தது. சென்ற ஆண்டு ஏலக்காய் விலை விண்ணோக்கி ஏறியபொழுது அவன் பெருலாபம் ஈட்டியிருந்தான். அதே பருவத்தில்தான் அவன் மனைவி ஈஸ்வரியின் தம்பி சுருளி, அயலார் ஜீப்பில் தோட்டப் பெண்களைப் போடிமெட்டுக்கு ஏற்றியிறக்கிக் கூலிக்கு ஓட்டுபவன், சொந்தமாக ஒரு பழைய ஜீப்பு வாங்க முன்பணம் கேட்டு வந்து நின்றான். அப்போது நம் வீரன் கண்ணீர் உகுத்தான். நெற்றியில் அறைந்துகொண்டான். "இந்த வருசம் நட்டம்டா மாப்ளே, நானே ரோட்டுக்கு வந்துருவேன் போல" என்று ஓலமிட்டான். தன் துயரை மறந்து சுருளிதான் அவனைத் தேற்றிவிட்டுச் சென்றான். ஆகவே கணக்கு எவர் கைக்குச் செல்கிறதோ, அவர் கையில் மொக்கச்சாமியின் மானமும் செல்லும்.

இதனை அறியாத ஈஸ்வரி, "பேச்சிமுத்து அண்ணன் நாலு தெரு தள்ளித்தான இருக்காரு. கூப்பிட்டா வந்துருவாரு. மொகந்தெரியாத பொண்ணுகிட்ட எதுக்குப் போகணும்" என்றாள்.

பேச்சிமுத்து ஒருநாள் வெள்ளோட்டமாக வரவழைக்கப்பட்டார். கண்ணாடி அணிந்து, எழுதுகோல் ஏந்தி, களம்புகு யானையென நாற்காலியில் அமர்ந்த அவர், ஏடு எதனையும் திறக்குமுன் வாய் திறந்தார். எதிர்க்கடைக்காரர் வங்கியில் எதை அடகு வைத்தார், மேலத்தெருக்காரர் மருமகனுக்கு எதை மறைத்தார், எவர் காரின் தவணை எத்தனை மாதம் நிற்கிறது என்பனவெல்லாம் அருவிபோல் கொட்டின. மொக்கச்சாமி அமுதுண்ட தேவர்போல் கேட்டு மகிழ்ந்தான். மேலும் ஒரு டீ வரவழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரவும் வேண்டினான். அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரே, நாளை இதே வாய் இன்னொரு கடையில் இன்னொரு டீக்கு முன் தன் பெயரை உரைக்கும் என்னும் ஞானம் அவன் நெஞ்சில் இடியென இறங்கிற்று.

அன்று மாலை, அடுக்கிய மூட்டைகள் நடுங்க அவன் ஈஸ்வரியிடம் பிரகடனம் செய்தான்: "கணக்குன்னா கமுக்கமா இருக்கணும். அந்தாளு காதுல விழுந்தா விடியறதுக்குள்ள சிலமலை வரைக்கும் சேதி போயிரும். கோயம்புத்தூர்தேன் நமக்குத் தோது."

இவ்வாறாக முத்துப்பிரியா முடிசூட்டப்பட்டாள். அவளோ போடியை அறியாள், போடியில் அவளை அறிவாரும் இலர், டீ கேளாள், சுருளி என ஒருவன் உலகில் உளன் என்பதையும் அறியாள். ரசீதுகளைப் படமெடுத்து அனுப்புமாறு பணித்தாள். மொக்கச்சாமி கைபேசியை வில்லென வளைத்தேந்தி எய்த படங்கள் அனைத்தும் இலக்கை அடைந்தன; ஆயினும் அவற்றுட் பாதியில் அவனுடைய கட்டைவிரலே பேருருக் கொண்டு நின்றது.

தாக்கல் செய்யும் நாளின் அந்தி. மலைச்சாரல் மழை தூறிக்கொண்டிருந்தது. கைபேசி முழங்கிற்று. கூரைவரை மூட்டை அடுக்கிய கடைக்குள் அலை எட்டாமையால், நம் வீரன் குடையுமின்றி வீதியின் நடுவே வந்து நின்றான்.

"சார், நீங்க அனுப்புனதுல வித்த பில்லு நெறையா தெரியலீங்க" என்றாள் முத்துப்பிரியா. "இருக்கறத வச்சுப் பாத்தா நட்டம்னுதானுங்க வருது. அப்படியே போட்டுரலாங்களா?"

தன் வாயால் அவன் பலமுறை பயின்ற சொல்தான் அது. எனினும் பிறர் வாயில் கேட்டபோது, வணிகர்குலத்து உதித்த அந்த மார்பில் அது வேலெனப் பாய்ந்தது. முன்பின் காணாத ஒருத்தி தன்னைத் தோற்றவன் என எண்ணுவதா?

"நட்டமில்லம்மா. லாபம்."

"கேக்கலீங்க. லேபருங்களா? லேபர் செலவு தனியா போட்டாச்சுங்க."

"லேபரு இல்ல. லாபம்."

"விட்டு விட்டுக் கேக்குதுங்க சார்."

அப்பொழுது மொக்கச்சாமி கால்களை அகல ஊன்றினான். அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பினான். போர்முரசு பத்து ஒருங்கே அதிர்ந்தாற்போலவும், கொண்டையூசி வளைவில் லோடு லாரி ஆரன் அடித்தாற்போலவும் கர்ச்சித்தான்: "லாபம் ஆத்தா, லாபம். வெலை ஏறுனப்ப மூட்டை பூராம் வித்தேன். போன வருசம் எனக்கு வந்த லாபம் இந்தப் பசார்ல ஒருத்தனுக்கும் வரலை."

"இப்பத் தெளிவா கேட்டுச்சுங்க" என்று முத்துப்பிரியா இணைப்பைத் துண்டித்தாள்.

தெளிவாகக் கேட்டது அவளுக்கு மட்டுமன்று. டீக்கடையில் வடையைப் பிய்த்த கைகள் நின்றன. அங்கிருந்த பேச்சிமுத்து தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார். வாழ்வில் முதன்முறையாகச் சொல்வதற்கு ஏதுமின்றி அமர்ந்திருந்தார். மொக்கச்சாமி திரும்பினான். தோட்டத்திலிருந்து இறங்கிய ஜீப்பொன்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தது. நனைந்த பெண்கள் இறங்கிக்கொண்டிருக்க, அவர்களின் தூக்குச்சட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான் சுருளி.

அவன் கோபிக்கவில்லை. கடைசிச் சட்டியையும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ரோட்டுக்கு வந்துருவேன்னு சொன்னீகளே மச்சான். நெசமாவே ரோட்டுல நிக்கிறீகன்னு பதறிப்போயிட்டேன்" என்றான். "நல்லாருக்கீகன்னு அக்காகிட்டச் சொல்லிர்றேன். அதுவும் பாவம், போன தீவாளிக்கு நட்டம்னு சேலைகூட வேணாம்னுருச்சு."

மழை மொக்கச்சாமியின் தலைமேல் தன் போக்கில் பெய்தது.

அவன் வீடு சேருமுன் சேதி சேர்ந்திருந்தது. ஈஸ்வரி சினந்து சீறுவாள் என எதிர்பார்த்துச் சொற்கேடயங்கள் பல ஏந்தி நுழைந்தான். அவள் தோசையைத் தட்டில் இட்டாள், சட்னியை ஊற்றினாள், எதிரில் அமர்ந்தாள்.

"நாளைக்கு வெரசா எந்திரிச்சுத் தம்பிய நீங்களே கூட்டிட்டுப் போயி அந்த ஜீப்பைப் பேசி முடிச்சுக் குடுத்துருங்க. பேச்சிமுத்து அண்ணனையும் சோலிக்கு வரச்சொல்லிட்டேன்."

"அந்தாளு ஊரெல்லாம் சொல்லிருவாருல்ல" என்றான் வீரன், பழைய படைக்கலம் ஒன்றை மீண்டும் தூக்கி.

"இனிமே சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றாள் ஈஸ்வரி.

மூவுலகும் நடுங்க மூண்ட பெரும்போர் அத்துடன் ஓய்ந்தது. திசையானைகள் தத்தம் இடம் திரும்பின. வானோர் மலர்மாரி பொழியத் தக்கவர் எவரையும் காணாது கூடைகளைத் திரும்ப எடுத்துச் சென்றனர்.

மறுநாள் காலை பேச்சிமுத்து கடைக்கு வந்து, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.