இருட்டில் விழுந்த கோடுகள்

படத்தில் ஒன்றுமே இருக்கக் கூடாது. மூடி போட்டு எடுத்த படம். கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். ஆனால் விஞ்ஞானி டாக்டர் லுங்கிசாவின் திரையில் வரிக்குதிரைத் தோல் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடின.

"ஏம்மா, போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்த?" என்றார் கருவியிடம்.

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுவதற்காக அவர் வருடக்கணக்கில் உழைத்துக் கட்டிய இரும்புத் தொட்டி அது; உள்ளே திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்திருந்தார். தென்னாப்பிரிக்காவில், காரூ மலைமேல், பெரிய தொலைநோக்கிக்கு அடியில், நிலவறையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை கேப் டவுனிலிருந்து கருவியைச் சோதிக்க ஒரு குழு வருகிறது. அன்றைக்கும் கோடு இருந்தால் கருவியை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

யோசனை கேட்கவும் ஆளில்லை. வானம் பார்க்க வருகிறவர்கள் பகலெல்லாம் தூங்குவார்கள். அவர்கள் எழும் நேரத்தில் லுங்கிசா படுக்கப் போய்விடுவார். மனைவி நொலுண்டி கோபித்துக்கொண்டு, மகளோடு ஈஸ்ட் லண்டன் என்ற கடற்கரை ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள். குளிர்காலமே முடியப் போகிறது, திரும்பவில்லை. ஆகவே அவர் கருவியோடு பேசினார்.

முதலில் ஹீட்டர்மேல் சந்தேகம் வந்தது. அணைத்தார். கோடு போகவில்லை, அறைதான் விறைத்தது. குளிரில், தொட்டியின் காற்றை உறிஞ்சும் பம்ப்பின் எண்ணெய் கெட்டியாகி, அது பழைய லாரி மாதிரி உறுமியது. கோடுகள் இன்னும் தடித்தன. பம்ப்புக்குக் குளிருமே என்று தன் படுக்கைப் போர்வையைக் கொண்டுவந்து சுற்றினார். பம்ப் சூடேறி நின்றேவிட்டது.

எலெக்ட்ரீஷியன் டிர்க்கி வந்து பார்த்தான்.

"போர்வையா போத்தினீங்க? தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி."

"சிரிக்காத டிர்க்கி. இந்த அறைக்கு வேற எங்கிருந்தாவது ஒயர் வருதா?"

டிர்க்கி பிடரியைச் சொறிந்தான். "எங்கேருந்தும் இல்லியே."

அவன் பம்ப்பை ஓட்டிவிட்டுப் போனதும், லுங்கிசா தானே நிலவறை வாசலிலிருந்த மெயின் பலகைக்குப் போய், திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சாக இறக்கினார். சமையலறை சுவிட்சை இறக்கியதும் கோடுகள் மாயமாய் மறைந்தன! அவர் துள்ளிக் குதிப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"என் ஃப்ரிட்ஜை அணைச்ச மகராசன் யாரு?"

சமையல்காரி கத்ரீனா இடுப்பில் கைவைத்து நின்றாள். "வெள்ளிக்கிழமை வர்றவங்களுக்கு முழு ஆட்டுக்கறி வெச்சிருக்கேன். அது கெட்டுப்போனா உங்க கோடுகளையா தட்டுல போடறது?"

"ஆன்ட்டி, உங்க ஃப்ரிட்ஜாலதான் கோடே வருது."

"ஃப்ரிட்ஜ் பாவம், அது ஒண்ணும் பண்ணல" என்றாள் அவசரமாக.

சுவிட்சை ஏற்றினார். கோடுகள் வந்து உட்கார்ந்தன. அவளோடு மல்லுக்கட்டி ஃப்ரிட்ஜை மட்டும் கழற்றிப் பார்த்தார். கோடு அசையவில்லை, கறி இளகியது. அன்று மதியம் அவர் தட்டில் வெறும் ரொட்டி விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு கருவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உன்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் யார்கிட்டப் பேசறது? நொலுண்டிக்கு ஒரு போன் பண்ணலாமா? எடுக்கலேன்னா? எடுத்துட்டாத்தான் என்ன சொல்றது?"

பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வியாழக்கிழமை காலை டார்ச்சோடு மண்டிபோட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்தார். அலமாரிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து கிளம்பிய வெள்ளை ஒயர் கருவியின் கேபிளை உரசிக்கொண்டு மேலே சமையலறைப் பக்கம் போனது. யார் வைத்தது, எதற்கு என்றெல்லாம் யோசிக்கவில்லை. வெட்டினார். புதிதாகப் படம் எடுத்தார்.

கறுப்பு. மாசுமறுவற்ற கறுப்பு. இப்படி ஓர் இருட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கண் கலங்கியது. "பார்த்தியா!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். பார்க்க ஒருவரும் இல்லை.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று படியேறி ஓடினார்.

சமையலறையில் கூட்டமாக இருந்தது. காவலாளி, பெருக்குகிற பெண்கள், எல்லார் கையிலும் தேநீர். டிர்க்கி நாற்காலிமேல் ஏறி, அலமாரியில் இருந்த ஸ்பீக்கரை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் கை நின்றது.

"என்ன டிர்க்கி இது?"

"வந்து... நைட்ரஜன் கசிஞ்சு மூச்சு முட்டி நீங்க தனியா மயங்கி விழுந்தா தெரியணுமேன்னு ஒரு மைக் வெச்சேன், டாக்டர். நீங்க விழவே இல்ல, பேசிக்கிட்டே இருந்தீங்க. சத்தம் பத்தலேன்னு போன வாரம்தான் பெரிய ஸ்பீக்கரா மாத்தினோம்."

லுங்கிசாவின் காது இரண்டும் சுட்டன. "அப்போ... நான் பேசினது எல்லாத்தையுமா?"

கத்ரீனா அவர் கையில் ஒரு தேநீரைத் திணித்தாள். "போன் பண்ணலாமா, பண்ணலாமான்னு தினம் கேட்டீங்களே டாக்டர், பண்ணுங்க, பண்ணுங்கன்னு நாங்க இத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தினோம், உங்களுக்குத்தான் கேக்கல!"