நீதவான் முன்னிலையில் ஒரு முன் சில்லு

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் பொய் சொல்லிச் சைக்கிள் திருத்திக்கொண்டு போனவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. அதற்குக் காரணம் நாங்கள் 'நீதவான்' என்று அழைக்கிற ஒரு சைக்கிள் கடைக்காரர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவரிடமே கேட்கலாம், ஆனால் அங்கே கேள்வி கேட்கிறவர் அவர் மட்டும்தான்.

சைக்கிளின் நெளிந்த சில்லைக் கழற்றிக் கொடுத்தால் வேறு கடைக்காரர் எப்போது வேண்டும் என்று கேட்பார். இவர், "எப்பிடி நடந்தது?" என்பார். உண்மை வரும்வரை சில்லு சுவரில் ஆணியில் தொங்கும்.

தேவாலயப் பாட்டுக்குழுவை நடத்துகிற பெரியவர் ஒருவர் பள்ளத்தில் விழுந்ததாகச் சொன்னார். நீதவான் றிம்மை விரலால் சுரண்டிப் பார்த்தார். "பள்ளத்துக்குப் பச்சைப் பெயின்ற் அடிச்சிருக்கினமோ?" என்றார். கள்ளுத் தவறணையின் கேற் பச்சை நிறம் என்பது ஊருக்கே தெரியும். கிண்ணியா மீன் வியாபாரி ஒருவர் கோபித்துக்கொண்டு சில்லைத் தோளில் மாட்டியபடி பாலம் தாண்டிப் போனார். இரண்டாம் நாள் அதே சில்லோடு திரும்பி வந்து, "பிழை என்னிலதான்" என்று தொடங்கினார்.

பெற்றோல் கிடைக்காத மாதங்களில் நானும் மாட்டினேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. பாலையூற்றில் இருந்து சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். அவள் லீவு எடுத்த ஒரு நாளில் அந்தச் சைக்கிளை எடுத்துப் போனவன், முன் சில்லைப் பொரித்த பப்படம் மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தேன். மான் குறுக்கே பாய்ந்தது என்று வீட்டில் சொன்னேன். எங்கள் ஊரில் மான்கள் கடைத்தெருவிலேயே நடமாடும். பொய்க்கு வசதியான பிராணி. அதையே நீதவானிடமும் சொன்னேன்.

"எந்தப் பக்கத்தால வந்தது?"

"இடப்பக்கத்தால அண்ணை."

"இடப்பக்கத்தால இடிச்சா சில்லு வலப்பக்கம் போகவேணும். இது இடப்பக்கம் போயிருக்கு. மான் இடிச்சதோ, இழுத்ததோ?"

"அண்ணை, உங்களுக்கு ஏன் இந்த விசாரணை? நெளிவை எடுத்துத் தாங்கோவன்."

"எங்க அடிபட்டதெண்டு தெரியாமல் எந்தக் கம்பியை இறுக்கிறது, எதை இளக்கிறது? நாளைக்கு வாங்கோ."

சில்லு ஆணிக்குப் போனது. மறுநாள் மான் வலப்பக்கத்தால் வந்தது என்று திருத்தினேன். றிம்மைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மானுக்குக் கொம்பில சீமெந்தோ?" என்றார். எனக்கு அவரையே ஆணியில் தொங்கவிட வேண்டும் போல் இருந்தது.

மூன்று நாளும் மனைவி நடந்தே வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் வந்தவள் வாளியில் உப்புத் தண்ணீர் எடுத்துக் கால்களை வைத்துக்கொண்டாள். குதிக்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. விடிந்ததும் கடைக்குப் போனேன்.

"அண்ணை, கூடப் படிச்சவன் ஒருத்தனும் நானும் கோட்டை இறக்கத்தில ஆர் முதல் இறங்கிறதெண்டு போட்டி. நான் ரெண்டு கையையும் விட்டிட்டன். மதகுக் கட்டில அடிச்சது."

"கையை ஏன் விட்டனீங்கள்?"

"கீழ ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டவை."

"வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"ஆர் வெண்டது?"

"அவன்தான்."

அவர் சிரிக்கவில்லை. சில்லை ஆணியில் இருந்து எடுத்தார். கம்பிகள் முப்பத்தாறையும் கழற்றி வரிசையாக வைத்தார். றிம்மைப் பலகையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மடிந்த கம்பிகளுக்குப் பதில் புதியவை போட்டு, ஒவ்வொன்றாக மறுபடி கோத்தார். பிறகு சில்லைச் சுற்றிவிட்டு ஓரத்தில் சோக் கட்டியைப் பிடித்தார். சோக் பட்ட இடத்தில் ஒரு கம்பியை இறுக்கி, எதிர்க்கம்பியை இளக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. பின்னேரம் சோக் எங்கும் படாமல் சில்லு ஓடியது. அதைச் சைக்கிளில் பூட்டினார்.

அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்த மனைவி நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணை, மான் இடிச்சு இவ்வளவுக்கு நெளியுமோ?" என்று கேட்டாள்.

நீதவானுக்குப் பொய் வராது. அவர் சில்லை இன்னொரு தரம் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்திருந்தார்.

"விசாரணை முடிஞ்சுது தங்கச்சி. கோப்பு மூடியாச்சு. சைக்கிளைக் கொண்டுபோங்கோ. ரெண்டு நாளைக்கு இவரை மட்டும் ஏத்தாதேங்கோ."

அவள் ஏறிப் போனாள். நான் பாலையூற்றுவரை நடந்தேன். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. சைக்கிளிலும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கந்தோர் வேலை முடிந்ததும் சில நாள்களில் அந்தக் கடைக்குப் போகிறேன். அவர் கதிரையை இழுத்துப் போடுகிறார், யாரோ ஒருவருடைய சில்லைச் சுற்றிக்கொண்டே, "எப்பிடி நடந்தது?" என்கிறார். அன்றைக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டு வருகிறேன்.