படகின் மூச்சுக்குழாய்

உயிர் இருக்கும்வரை படகை விற்பதில்லை என்று ‘அரை நூல்’ எனப் பட்டப்பெயர் கொண்ட பெரியவர் தீர்மானம் செய்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. தீர்மானத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பாக, மனைவியிடம்.

பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி பிசகினாலும் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் கிடையாது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றபின் அவருக்கென்று மிஞ்சியது ஆற்றங்கரையில் கட்டிக் கிடந்த சின்ன டீசல் படகு ஒன்றுதான். காலையில் போவார். இஞ்சினோடு பேசுவார். மத்தியானம் வருவார். மனிதர்களோடு பேசக் கூச்சம்.

இடது கண் மங்கியபின் படகுத்துறைத் தூணில் இரண்டு முறை மோதினார். "வித்துடலாங்க" என்றாள் மனைவி. படகின் பத்திரம் அவள் பெயரில் இருந்தது. ஆசையாக எழுதிக் கொடுத்தவரும், பாவம், அவரேதான்.

வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். ஓட்டிக் காட்டும்போது எட்டாவது நிமிஷம் நடு ஆற்றில் இஞ்சின் நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். மறுநாள் அரை நூல் காரணத்தைக் கண்டுபிடித்தார். டேங்கில் டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். அதற்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதன் வெளி ஓட்டையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. காற்று போகாததால் டீசல் இறங்கவில்லை. இஞ்சின் விக்கி நின்றுவிட்டது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பழுதைக் கண்டுபிடித்தும் அதைத் தொடாமல் வீட்டுக்கு வந்தார். குளவியைக் கும்பிடாத குறை.

டாக்டர் விடவில்லை. பல் பிடுங்குகிறவருக்குப் பொறுமைக்கா பஞ்சம்? இரண்டாம் முறையும் வந்தார், இரண்டாம் முறையும் நின்றது. மூன்றாம் முறை வருவதற்குள் கூடு உதிர்ந்துவிட்டது. அரை நூல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சோப்பைப் பிசைந்து ஓட்டையை அடைத்தார். நேர்த்தியாகத்தான் அடைத்தார். வேறு மாதிரி அடைக்க அவருக்குத் தெரியாது. மூன்றாம் முறையும் இஞ்சின் நின்றது.

"பழைய இஞ்சின். யாரு வாங்குவா? கிடக்கட்டும் விடு" என்றார் வீட்டில். அவள் மறுசோறு போட்டாள்.

அவளுக்கு இதயம் சரியில்லை. ஒரு வருஷம் தாண்டினால் நல்லது என்று பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதன்பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. வீட்டுக்குப் படி பன்னிரண்டு. ஒரே ஓட்டமாக ஏறியவள் இப்போது மூன்று இடத்தில் நிற்கிறாள். அவர் பின்னாலேயே எண்ணிக்கொண்டு ஏறுவார்.

ஒரு நாள் காலை அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, படகை விக்க வேண்டாம்."

"நிஜமாவா?"

"ஆனா ஒரு தடவை என்னை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

படகு வாங்கி முப்பத்தொரு வருஷம். தண்ணீர் பயத்தில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை.

"இஞ்சின் நடுவுல நின்னுடுமே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"நீங்க கை வெச்சா நிக்குமா? ஏறப்போறது நான். பார்த்துப் பண்ணுங்க."

இரண்டு நாள் வேலை. ஓட்டையைச் சுரண்டினால் போதும். ஆனால் சோப்பு குழாய்க்குள் கரைந்து இறங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மொத்தத்தையும் கழற்றினார். அஞ்சு நூல் ரப்பர் குழாய் புதிது வாங்கினார். குளவி நுழையாதபடி வாயில் வலை வைத்தார். அவள் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"குழாயை எதுக்கு இவ்வளவு உசரமா வளைக்கறீங்க?"

"அலைத் தண்ணி டேங்குக்குள்ள போகக் கூடாதில்ல."

"ஒரு முனைக்கு ஒரு கிளிப் பத்தாதா?"

"ரெண்டு."

"கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கே?"

"எங்க? எங்க?"

"சும்மா சொன்னேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூச்சு வாங்கலாக மாறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கையிலேயே இருந்த ஸ்க்ரூடிரைவரை அவர் வெகுநேரம் தேடினார்.

மறுநாள் புறப்பட்டார்கள். எட்டாவது நிமிஷம் வந்தது, போனது. இஞ்சின் தாளம் தப்பாமல் ஓடியது. அவள் கையை வெளியே நீட்டித் தண்ணீரைத் தொட்டாள்.

"இவ்வளவு நல்லா இருக்கும்னு ஏங்க முன்னாடியே சொல்லலை?"

"முப்பத்தொரு வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்!"

அன்றைக்கு அவரைப்போல் சந்தோஷமான மனிதர் அந்த ஆற்றில் இல்லை. அந்தச் சந்தோஷம் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது.

அக்கரைத் துறையில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஃபைல். உயிர்காப்பு மேல்சட்டையைக்கூட மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இவரு எங்க இங்க?"

"நான்தான் வரச் சொன்னேன். அக்கரை வரைக்கும் நிக்காம ஓடி வந்தா எடுத்துக்கறேன்னாரு."

அரை நூல் அவள் பக்கம் திரும்பினார். "அப்போ... உனக்குத் தெரியுமா?"

"இஞ்சின் நின்னா உங்களுக்கு மூணு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. இந்தத் தடவை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அப்புறம், குளிக்கற சோப்புல பாதியைக் காணோம்."

டாக்டர் அருகில் வந்தார். "ஐயா, இனிமே இஞ்சின் நிக்காதே?"

கடைசி வாய்ப்பு. ‘நிக்கும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் படகு மிஞ்சும். அரை நூல் குழாயைப் பார்த்தார். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கிளிப். வளைவு துளி பிசகாமல் இருந்தது.

"நிக்காது" என்றார். "நானே மாத்தினேன். பத்து வருஷம் தாங்கும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் படகை எடுத்துக்கொண்டு போனார். இருவரும் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே விக்கணுமா? எல்லாம்... அப்புறம் பார்த்துக்கக் கூடாதா?"

"நீங்க ஆத்துக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நான் ஜன்னல்லயே நிக்கறேன். அப்புறம் யாருங்க நிப்பா? ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு நீங்க தனியா போறதை நினைச்சா எனக்கு நிம்மதியாப் போக முடியாது."

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"அதோட, இப்ப வித்தாத்தான் நீங்க திட்டறதுக்கு நான் இருப்பேன். அப்புறம் யாரைத் திட்டுவீங்க? திட்டுங்க. பஸ்ஸுக்கு இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு."

அரை நூல் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

திட்டு வரவில்லை. பஸ்தான் வந்தது.