அஞ்சு நிமிஷம் பதினாறு நொடி

இனிமேல் என் நடிப்பில் எவரும் கை வைக்கக் கூடாது என்று நாயகன் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போது. வாய் நிறைய நுரை. சபதம் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து இன்னொரு தடவை எடுத்தார். இரண்டாவது டேக் பிரமாதமாக வந்ததாக அவருக்கு ஒரு திருப்தி.

இவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒண்ணு விட்ட நாயகன். ஒண்ணு விட்ட அண்ணன், ஒண்ணு விட்ட சித்தப்பா மாதிரி ஏதோ உறவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு படம் விட்டு ஒரு படம்தான் தேறும், அதனால் பத்திரிகைக்காரர்கள் வைத்த பேர். ஒரு வருஷம் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வருவார்கள். அடுத்த வருஷம் இடைவேளையிலேயே வெளியே வந்து, டிக்கெட் கவுண்டர்காரரின் சட்டையைப் பிடிப்பார்கள். முதலையோடு சண்டை போட்டாரே ஒரு படம், அதில் முதலை ரப்பர். அப்படியும் விமர்சனம் எழுதியவர்கள் முதலையைத்தான் பாராட்டினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் கல்லூரி மாணவனாக வந்த படம் ஒன்று உண்டு. அதில் பேராசிரியர் இவரைப் பார்த்ததும் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். நல்ல ஷாட் என்று அதையும் வைத்துவிட்டார்கள்.

அதே மனுஷன்தானே, எப்படி ஒரு வருஷம் மலை, ஒரு வருஷம் மடு என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கதை என்றார்கள். நேரம் என்றார்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், காரணம் அவர் வீட்டுப் பின்னறையில், தடித்த திரை போட்ட ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி. தொழிலில் எடிட்டர். தேறிய படங்கள் அத்தனையும் அந்த அம்மாள் வெட்டி ஒட்டியவை. தேறாதவை அந்த அம்மாளின் அண்ணன், அதாவது நாயகனின் மச்சான், தயாரித்தவை. மச்சானிடம் வேறு ஒரு எடிட்டர் இருந்தார். நாயகன் நடித்த எதையும் வெட்ட மனசு வராத நல்லவர்.

நாயகனோ இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தார். மச்சானின் எடிட்டர் மரியாதை தெரிந்தவர், தன் பெண்டாட்டிக்குத்தான் கலையுணர்ச்சி போதாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே.

சபதத்தோடு பின்னறைக்குப் போனார். மனைவி இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் புதுப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நாயகன் அதில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். மனைவியை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புகிறவர்.

“ஏம்மா, அந்த அழுகை சீன் எவ்வளவு நேரம் வச்சிருக்கே?”

“எந்த அழுகைங்க?”

“எந்த அழுகையா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுவேனே! ஒரே ஷாட்டு. அஞ்சு நிமிஷம் பதினாறு நொடி. நானே எண்ணினேன்.”

“அழுதுக்கிட்டே எண்ணினீங்களா?”

“பேச்சை மாத்தாதே. எவ்வளவு வச்சிருக்கே?”

“நாலு நொடி. கதவைச் சாத்துறீங்க. அவ்வளவுதான். அழ ஆரம்பிக்கிறதுக்குள்ள வெட்டிட்டேன்.”

நாயகனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “அடிப்பாவி! அன்னைக்கு செட்டுல லைட்மேன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார், தெரியுமா?”

“சிரிச்சா எனக்கும்தான் கண்ணுல தண்ணி வரும்.”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி விருது வாங்கினேனே, மறந்துட்டியா? மகன் செத்துப்போன தகவல் வருது. ஜன்னல் வழியா ஒரு பார்வை. ஒரு வார்த்தை கிடையாது. ஊரே குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு. அது யார் நடிப்பு?”

மனைவி பெருமூச்சு விட்டாள். “வேண்டாம்னு இத்தனை நாள் சொல்லாம இருந்தேன். காட்டட்டுமா?”

பழைய ஷாட்டைத் தேடி எடுத்து, வெட்டாமல் ஓடவிட்டாள். திரையில் நாயகன் ஜன்னலோரம் நின்றார். தூரத்தில் எதையோ தேடுகிற கண்கள். வராததை எதிர்பார்க்கிற ஏக்கம். பார்த்துக்கொண்டிருந்த நாயகனே கைக்குட்டையைத் தேடினார். ஏழு நொடி கழித்துத் திரை நாயகன் திரும்பிக் கேட்டார்: “சாப்பாட்டு வண்டி இன்னும் வரலையா? இன்னைக்கு முட்டை உண்டா இல்லையா?”

அதற்கப்புறம்தான் யாரோ “ரெடி... ஆக்‌ஷன்!” என்றார்கள். உடனே திரை நாயகன் நெஞ்சில் ஓங்கி அறைந்துகொண்டு, சுவரில் முட்டி, மேஜையைக் கவிழ்த்து, “மகனே!” என்று கத்தியதில் ஒலிவாங்கி கொய்யென்றது.

“ஆக்‌ஷன்னு சொல்றவரைக்கும் நீங்க மனுஷனா இருக்கீங்க,” என்றாள் மனைவி. “சொன்னதும் நடிகரா ஆயிடுறீங்க. நான் அதுக்கு முன்னாடி இருக்கிறதை எடுத்துக்குவேன். அப்புறம் ‘கட்’ சொன்னதும் நாற்காலி எங்கேன்னு தேடுவீங்க பாருங்க, அதுவும் நல்லா இருக்கும்.”

நாயகன் அரை நிமிஷம் வாயடைத்து நின்றார். அந்த அரை நிமிஷம் அவர் முகம் அற்புதமாக இருந்தது. படம் பிடிக்க ஆள் இல்லாமல் போனது கலைக்கு நஷ்டம்.

அப்புறம் சமாளித்துக்கொண்டார். “பசியை அந்த மாதிரி காட்டுறதும் நடிப்புதான்!”

“சரிங்க.”

கல்யாணமானவர்களுக்கு இந்தச் “சரிங்க”வின் அர்த்தம் தெரியும். இதற்கு மேல் உன்னோடு பேச எனக்குத் தெம்பில்லை என்பதைத்தான் பெண்கள் இப்படிச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாயகனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

“பந்தயம் கட்டுவோமா? வெள்ளிக்கிழமை தெரிஞ்சவங்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டப் போறோமில்ல. என் அழுகை முழுசா வரணும். ஜனங்க அழுறாங்களா இல்லையான்னு பார்த்துடுவோம்.”

மனைவி ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். அவர் படங்களை வெட்டிய பதினேழு வருஷத்தில், அவர் பேச்சைக் கேட்க அவள் ஹெட்போனைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது நாயகன் உஷாராகியிருக்க வேண்டும்.

“ஜனங்கன்னா யாரு? உங்க ரசிகர் மன்றத் தலைவரா? நீங்க தும்மினாலே அவர் அழுவார்.”

“நீயே ஆளைச் சொல்லு.”

“கீழ்வீட்டுப் பல் டாக்டர்.”

பல் டாக்டர் லேசில் கரைகிற ஆசாமி இல்லை. தினமும் பத்துப் பேர் கண்ணெதிரே கதறுவதைப் பார்த்துப் பார்த்து மரத்துப் போனவர். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, இவர் அவர்கள் கடைவாய்ப்பல்லை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் நாயகன் வீராப்பை விடவில்லை.

“சரி! டாக்டர் அழுதுட்டா இனி என் படத்துல நீ கத்திரி வைக்கக் கூடாது. சாகிற வரைக்கும்!”

“அழலைன்னா, அண்ணன் எடுக்கப் போற மூணு வேஷப் படத்தை நீங்க விட்டுடணும்.”

அது நாயகனின் உயிர்நாடியில் கை வைத்த மாதிரி. அந்தப் படத்தில் அப்பா, மகன், பேரன் மூன்றும் அவரே. பேரனுக்கு எட்டு வயது. முழங்காலில் நின்று நடிப்பதாக ஏற்பாடு. இரண்டு மாதமாக மொட்டை மாடியில் முழங்காலில் ஓடிப் பழகி, இரண்டு பக்கமும் தோல் வழண்டிருந்தது.

“சம்மதம்,” என்றார் முழங்காலைத் தடவிக்கொண்டே. “ஆனா அழுகை அஞ்சு நிமிஷம் பதினாறு நொடி இருக்கணும். ஒரு நொடி குறையக் கூடாது. எழுத்துல வேணும்!”

நடிகர்களுக்கு இது ஒரு வியாதி. எத்தனை நிமிஷம் வருகிறோம் என்று எண்ணுவார்கள், என்னவாக வருகிறோம் என்று கேட்க மாட்டார்கள். மனைவி ஒரு தாளை எடுத்து அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள். டாக்டர் அழுதால், அவள் வெளியார் படங்களுக்கு வேலை செய்வதை இவர் தடுக்கக் கூடாது என்று. இதுவரை அப்படி ஒரு வாய்ப்பு வரும்போதெல்லாம், “வீட்டுல ஒருத்தன் இருக்கேன், வெளிப்படம் எதுக்கு?” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பது நாயகனின் வழக்கம். இப்போது அந்த வரியைப் படிக்கவே இல்லை. ரசிகருக்குப் போடுகிற மாதிரி வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், நாற்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கம். பல் டாக்டரை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, நேர் பின்னால் நாயகன் உட்கார்ந்தார். கையில் ஓட்டப்பந்தயக்காரர்கள் வைத்திருக்கிற ஸ்டாப்வாட்ச். மனைவி கடைசி வரிசையில், சுவரோரம்.

காட்சி வந்தது. கடிகாரக்காரர் வீட்டுக்குள் நுழைகிறார். அறை வாசலில் செத்துப்போனவளின் செருப்பு, ஒன்று குப்புற. அதைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். நாயகன் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். இதோ, முகம் வரும். கண் சிவக்கும். உதடு கோணும்.

கதவு தெரிந்தது.

பத்து நொடி ஆயிற்று. கதவுதான். தாழ்ப்பாள் பக்கம் பெயின்ட் உரிந்த பழைய கதவு. உள்ளேயிருந்து அவர் அழுகை வந்தது. ஆனால் ஸ்டூடியோ கூரையில் இருந்த புறா பறந்துபோகிற அளவுக்கு அவர் போட்ட கூச்சல் எங்கே, இது எங்கே? வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒருத்தன் அழுகிற மாதிரி அடங்கி வந்தது. வீட்டுக் கடிகாரங்கள் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு நிமிஷம். கதவு. இரண்டு நிமிஷம். கதவு. புரொஜெக்டர் கெட்டுவிட்டதோ என்று நாயகன் பதறிப்போய் எழுந்தார். பின்வரிசைக்காரர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். மூன்றாவது நிமிஷம் பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நாலாவது நிமிஷம் அவர் தோள் குலுங்கியது. முன்வரிசையில் யாரோ வாய்விட்டே அழுதார்கள். சரியாக ஐந்து நிமிஷம் பதினாறாவது நொடியில் கதவு திறந்தது. கடிகாரக்காரர் வெளியே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

நாயகனுக்கும் கண்ணீர் வழிந்தது. அவமானத்தில் பாதி. மீதிப் பாதி, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கதவு அழ வைத்துவிட்டது.

விளக்குப் போட்டதும் பல் டாக்டர் நாயகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சார்... மூஞ்சியையே காட்டாம நடிச்சீங்களே! இதுக்கு எத்தனை பெரிய மனசு வேணும்! முப்பது வருஷமா நான் அழுததில்லை சார்!”

கூட்டம் சூழ்ந்துகொண்டது. நாயகன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “நடிகன்னா எப்போ மறையணும்னு தெரிஞ்சிருக்கணும்,” என்றார். “யோசனை என்னோடதுதான்.” கொஞ்சம்கூடக் கூசவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி, “ஆமாங்க, இவர்தான் நேரம்கூடக் குறிச்சுக் கொடுத்தார்,” என்று ஒத்து ஊதினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். தெரு முனை திரும்பியதும் நாயகன் வெடித்தார்.

“மூஞ்சியே காணோமேம்மா! ஒரு நொடிகூட இல்லையே!”

“அழுகையில ஒரு நொடி குறைஞ்சுதா?”

“குறையலை.”

“டாக்டர் அழுதாரா?”

“அழுதார்.”

“அப்ப ஜெயிச்சது யாரு?”

“நான்தான்,” என்றார் நாயகன், மண்ணைக் கவ்விய குரலில்.

“சந்தோஷம். சொன்ன சொல் மாற மாட்டேன். இனிமே உங்க படத்தை நான் தொட மாட்டேன்.”

சிக்னலில் கார் நின்றது. நாயகனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த படத்தை வெட்டப் போவது யார்? மச்சானின் எடிட்டர். அதற்கடுத்த படத்தையும் யாரோ ஒரு மரியாதை தெரிந்தவர். அவர் போடும் கூச்சல் அத்தனையும் வரும். மேஜை கவிழ்வது வரும். முழங்காலில் ஓடுவது முழுசாக வரும். முட்டை உண்டா என்று ஏங்கின கண்ணை மட்டும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இனி அவர் ஒண்ணு விட்ட நாயகன் இல்லை. ஒண்ணு விடாமல் ஊத்திக்கொள்கிற நாயகன். அவருக்குப் பயம் வந்தது. இந்தத் தடவை நிஜமான பயம்.

“ஏம்மா... அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடலாமா? நான் தோத்துட்டதாவே வச்சுக்கோ. மூணு வேஷப் படம் வேண்டாம்னு உங்கண்ணன்கிட்ட இப்பவே சொல்லிடறேன். நீ எங்க வேணும்னாலும் வெட்டிக்கோ. என்னையே வெட்டிப் போடு!”

“அதெப்படிங்க? எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. நான் வேற வெளிப்படம் ஒத்துக்கிட்டேன்.”

“எப்போ?”

“போன வாரம்.”

“போன வாரமா? பந்தயமே இந்தச் செவ்வாய்க்கிழமைதானே கட்டினோம்!”

“ஆமாம். உங்ககிட்ட எப்படிச் சம்மதம் வாங்குறதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களே வந்து பந்தயம்னு நின்னீங்க. டாக்டரை அழ வைக்கிறதுக்குள்ள மூணு நாள் தூக்கம் போச்சுங்க.”

நாயகன் இருக்கையில் சரிந்தார். “யார் படம்?”

“சுருட்டையோட படம்.”

சுருட்டை என்பது நாயகனுக்கு ஆகவே ஆகாத இன்னொரு நடிகர். பதினொரு படம் நடித்து, பதினொன்றும் ஊத்திக்கொண்டவர். நாயகன் துள்ளி நிமிர்ந்தார்.

“அவனா? போயும் போயும் அவனா? அவனுக்கு நடிக்கவே வராதேம்மா!”

சிக்னல் மாறியது. மனைவி கியரைப் போட்டாள்.

“பரவாயில்லைங்க. எனக்குப் பதினேழு வருஷ அனுபவம் இருக்கு.”